ஈரக்கட்டு

நிக்கணுமாம். லெஃப்ட் ஓரத்துல போயி சொம்மா நிக்கணுமாம். "ஓட வேணாம் கன்னியப்பா, பந்தைத் தொடக்கூட வேணாம், கோட்டோரமா நில்லு, உன்னைப் பாத்துக்கினு அவங்க ஆளு ஒருத்தன் நிப்பான்ல, அதுவே நமக்கு லாபம்"னு சொல்லிட்டு அந்தாண்ட போயிட்டான் சவரிராயன். கேப்டன் இல்ல? சொல்லுவான். நடுவுல நின்னு கோலு போடற சென்டர் ஃபார்வேர்டு நான், இப்ப ஓரத்துல நட்டு வெக்கிற கொம்பு. எனக்குத் தெரியாதா அந்த எடம்? ஆட்டம் ஆரம்பிச்சிட்டா ஆளை மாத்தக் கூடாதுன்னு ரூலு, அதனால காலு போனவன், முதுகு புடிச்சவன், மண்டை உடைஞ்சவன் எல்லாரையும் கொண்டாந்து நிறுத்தற எடம் அது, பதினோரு பேரு கீறாங்கன்னு பேருக்குக் காட்ட. போன சீசன்ல துளசிங்கத்தை அங்க நிறுத்துனாங்க. வேலிக்கு அந்தாண்டேந்து ஒருத்தன் கத்துறான், "அண்ணாத்தே, சொம்மாதானே நிக்கிற, ஒரு பீடி இருந்தா குடேன்." மைதானமே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன், நடுவுல நின்னுக்கினு, இடுப்புல கை வெச்சிக்கினு. அடுத்த மேட்சுலேந்து துளசிங்கத்தை யாரும் கூப்பிடல. இப்ப எனக்குப் பீடி கேக்கப் போறான். கேக்கட்டுமே. கேக்கறவன் வாயில நான் பந்தை வெச்சி அடைக்கிறேன். எத்தால? இந்தக் காலாலயா? இன்னா மழை காலையில, இன்னா சேறு, இந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில குந்துனா அடியில ஈரம் ஏறுது, வாயில ஆரஞ்சு சுளை புளிக்குது, அவங்க ஒண்ணு, நாங்க பூஜ்யம், ஹாஃப் டைம். ஒரே ஒரு கோலுடா. ஒண்ணு போட்டா சமம், சமம் ஆச்சுன்னா மொத டிவிஷன்ல தங்கிடுவோம். இல்லாட்டி கீழ. கீழன்னா கீழதான், அதுக்கும் அடியில இன்னா கீதுன்னு எங்க மில்லு ஆபீசரு சீதாபதி சார் சொல்லிட்டாரு. சொல்லட்டும். நான் நிக்க மாட்டேன்.

வலிக்குது. வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன். சொன்னா இன்னா ஆவும்? "பாத்தியா, பூட்ஸு போடத் தெரியாத பய"ன்னு சொல்லுவானுங்க. ரங்கன் சொல்லுவான் மொதல்ல, போன வருசம் வரைக்கும் அவனும் என்னாட்டமே வெறுங்கால்ல ஆடுன பயதான், இப்ப பூட்ஸுக்கு எண்ணெ போட்டுத் தொடைக்கிறான், புதுப் பொண்டாட்டி மாதிரி மடியில வெச்சிக்கினு. தூ. நான் சீசன் ஆரம்பத்துலயே சொன்னேன், எல்லார் எதுக்கவும் சொன்னேன், இந்த எருமைத்தோலு பந்தாட்டத்தைக் கெடுத்துடும்னு. பந்து காலுக்குத் தெரியணும், காலு பந்துக்குத் தெரியணும், நடுவுல இன்னாத்துக்கு மூணாவது ஆளு? சங்கத்துல கோட்டு போட்டவன் எவனோ கையெழுத்துப் போட்டுட்டான், இந்த வருசத்துலேந்து பூட்ஸு இல்லாதவன் மைதானத்துல எறங்கக் கூடாதாம். எறங்கக் கூடாதாமே! அவன் அப்பன் வூட்டு மைதானமா? சீதாபதி சார் எங்க எல்லாரையும் வரிசையா பெரியமேட்டுக்கு இட்டுக்கினு போனாரு, இஸ்கூல் பசங்களை இட்டுக்கினு போறாப்புல. காதர் பாய் பூட்ஸு கடை. தோலு வாசனை மூக்கைத் துளைக்குது. பிராக்டீஸ் முடிச்சு நேரா போனதால எல்லார் கால்லயும் துணிக்கட்டு கீது. பாய் சொல்றாரு, கட்டை அவுத்துட்டு, காலைக் கழுவிக்கினு ஒவ்வொருத்தரா வாங்கன்னு. தரையில காகிதம் போட்டு, காலை வெக்கச் சொல்லி, சுத்தி பென்சிலால கோடு இழுக்கிறாரு. கூசுச்சு. எல்லாரும் சிரிக்கிறானுங்க. நான் சிரிக்கல. நான் காலை நல்லா தூக்கி வெச்சேன், பாத்துக்க பாய், வெள்ளைக்காரனை உதைச்ச காலு இது, ஒழுங்கா வரைன்னேன். ரெண்டு வாரம் கழிச்சி பூட்ஸு வந்தப்ப, போட்டுப் பாத்துட்டுச் சொல்லு தம்பி, எங்கயாச்சும் புடிச்சா இளக்கித் தரேன்னாரு. போட்டுப் பாக்க மாட்டேன்னேன். காகிதத்துல சுத்திக் குடுங்க போதும்னேன். ரங்கன் கடைக்குள்ளாறயே போட்டுக்கினு தெருவுல டக்கு டக்குன்னு நடந்தான், வெக்கம் கெட்டவன்.

வெள்ளைக்காரனை உதைச்ச காலுதான், பொய் இல்ல. அப்ப எனக்கு மீசை சரியா மொளைக்கல, பட்டாளத்து டீமு வந்து ஆடுது, ஒவ்வொருத்தனும் பனைமரம், பூட்ஸு அடியில தோலுக் குமிழு ஆணி வெச்சி அடிச்சிருக்கும், அது தேஞ்சி ஆணி வெளிய நிக்கும். நாங்க வெறுங்காலு. சோடா பாட்டிலை ஒடைச்சிப் போட்ட தெருவுல பந்து ஆடி வளந்த காலு. ஒரு செவத்த பய, கழுத்தெல்லாம் புள்ளி, என் காலு மேல ஏறி நின்னான், வேணும்னே நின்னான், பெருவிரலு மடங்கி உள்ள போச்சு. சத்தம் எனக்கே கேட்டுச்சு. ரெஃப்ரி பாக்கல, பாத்தாலும் பாக்கல. நான் கத்தல. எழுந்து நின்னு அந்தச் செவத்த பயலைப் பாத்தேன், அவனும் பாத்தான், அப்பால அதே காலால, ஒடைஞ்ச விரலோட, அவனைத் தாண்டி உள்ள போயி அடிச்சேன். வலை இல்லாத கோலு போஸ்டு, பந்து அந்தாண்ட இருந்த கள்ளிச் செடிக்குள்ள போயிடுச்சு, எடுக்கப் போன ஆளு திரும்பி வர வரைக்கும் ஜனங்க கத்துறது நிக்கல. பூட்ஸு போட்டவனை வெறுங்காலால ஜெயிச்சோம்டா. அத்தைச் சொல்லிக்கினே வயசாயிடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் யாரோ வேட்டியைக் கிழிச்சி சுத்தி வுட்டாங்க. அப்பலேந்து கட்டு. கட்டு இல்லாம நான் மைதானத்துல கால் வெச்சதில்ல. விரலு அடியில ஆரம்பிச்சி, பாதத்து மேல குறுக்க வந்து, கணுக்காலைச் சுத்தி, திரும்ப அடியில. கட்டினா ஆட்டம் முடிஞ்சி பிகிலு ஊதுற வரைக்கும் அவுக்கக் கூடாது. நடுவுல அவுத்தவன் அந்த மேட்சைத் தோப்பான், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. கல்யாணம் ஆனதும் என் பொண்டாட்டி பவுனு பாத்தா, நீ கட்டுறது கட்டா இல்ல தலைமுழுகுன பொம்பள தலையில சுத்துற துண்டான்னு கேட்டுட்டு, தன்னோட பழைய மாம்பழக் கலர் சேலையை நீளமா கிழிச்சி, அவளே கட்ட ஆரம்பிச்சிட்டா. அவ இழுக்கற இழுப்புல நரம்பு பேசும். மேட்சு அன்னிக்குக் காலையில நான் பலகையில குந்திக்கினு கீழ காலை நீட்டணும், அவ முட்டி போட்டு, வாயில ஒரு முனையைக் கவ்விக்கினு சுத்துவா. முடிச்சைப் போட்டு ஒரு தட்டு தட்டுவா. போ, அப்டின்னு அர்த்தம்.

இந்த சீசன் அவளுக்கு என் மேல கோவம் இல்ல, பூட்ஸு மேலதான். "கட்டையில போற பூட்ஸு, என் புருசன் காலைத் தின்னுது"ன்னு தினம் அதைத் திட்டிக்கினே வாசலுக்கு வெளிய வெப்பா, உள்ள வுடமாட்டா. நகம் கறுத்துப் போச்சு, ரெண்டு நகம் வுழுந்தே போச்சு, அவ மஞ்சளு வெச்சி, இன்னும் கெட்டியா கட்டுவா. இன்னும் கெட்டியா கட்டுன்னு நான்தான் சொல்றேன். கட்டின காலுக்கு மேல சாக்ஸை இழுத்துக்கினு, பூட்ஸை சைக்கிள் ஹாண்டில்ல மாட்டிக்கினு, இங்க வந்து குந்தி உள்ள காலைத் திணிச்சி, கயிறு இழுத்து, எழுந்தா கண்ணுல பூச்சி பறக்கும். தொரை வூட்டுலேந்தே சாக்ஸு போட்டுக்கினு வர்றாருன்னு சவரி கிண்டல் பண்ணுவான். பண்ணிட்டுப் போ. ஆட்டம் முடிஞ்சா நான் அவனுங்களோட குந்தறதில்ல, இந்த சீசன் பூரா குந்தல. தோத்துட்டு, குந்தி ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கினு பூட்ஸைக் கழட்டிக்கினு, எவனால தோத்தோம்னு பேசாம பேசிக்கினு… எனக்கு வேணாம் அந்தப் பேச்சு. பிகிலு ஊதுனா சைக்கிள், சைக்கிள் எடுத்தா வூடு. அவ அவுப்பா. காலு புஸ்ஸுன்னு வெளிய வரும். எத்தினி தடவை தோத்தோம்? எண்ண மாட்டேன். ஆனா எல்லா மேட்சுலயும் நான் ஓட ஆரம்பிக்கிறப்ப பந்து ஒரு முழம் முன்னாடி போயிடுது. முன்னல்லாம் பந்து நின்னு என்னைப் பாக்கும். வயசாயிடுச்சுன்றானுங்க. என் காதுல வுழாதுன்னு நெனைச்சிக்கினு சொல்றானுங்க. காலு மரத்துப் போனா காதும் மரத்துப் போயிடுமா, சோமாறிங்களா?

சீதாபதி சாரு அந்தாண்ட குடையை மடக்கிக்கினு நிக்கிறாரு, எங்க மில்லு லேபர் ஆபீசரு, டீமுக்கு செகரட்டரியும் அவருதான். நல்ல மனுசன், கெட்ட சேதியைக் கூட மன்னிப்புக் கேக்கறாப்புலதான் சொல்வாரு. "கீழ் டிவிஷனுக்குப் போனா மேல இருக்கறவங்க டீமைக் கலைச்சிடறதா இருக்காங்கப்பா. அப்புறம் அவங்கவங்க டிபார்ட்மென்டுக்குத்தான் போகணும்." அவங்கவங்க டிபார்ட்மென்டு. என் பேரு பஞ்சு உதறுற டிபார்ட்மென்டுல கீது. பேருதான் கீது, நான் இல்ல. பந்தாட்டக்காரன்னு எடுத்தாங்க, பந்தாட்டக்காரனாவே மில்லு கேட்டாண்ட நின்னு சலாம் வாங்கிக்கினு இருந்துட்டேன். எங்க நைனா அந்த டிபார்ட்மென்டுலதான் இருந்தாரு. சாயங்காலம் வூட்டுக்கு வரப்ப புருவத்துல, மூக்கு முடியில, காதுல பஞ்சு, மாவு மில்லுலேந்து வராப்புல. இருமுவாரு. இருமுறதுக்கு முன்னாடி கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தச் சொல்லுவாரு, அது வந்து போற வரைக்கும் வூட்டுல யாரும் பேசக்கூடாது. அந்தக் கை. ராத்திரில்லாம் அந்தக் கை எனக்கு முன்னால நிக்குது. நான் ஓடற மனுசன், எனக்கு மூச்சுதான் சோறு, அந்தத் தூசியில என்னை வெச்சிப் பூட்டுனா நான் ஆறு மாசம் தாங்க மாட்டேன். இத்தைப் பவுனுகிட்ட ஒரு தடவை சொல்லிட்டேன், வாய் தவறி. அவ நூலு சுத்துற டிபார்ட்மென்டு, தினம் காலையில சங்கு ஊதுனா போறவ. என்னை ஒரு பார்வை பாத்தா. "நான் போறேனே, நான் இன்னா தங்கமூச்சா வுடறேன்?"ன்னா. நான் காலை நீட்டிக்கினு குந்தியிருந்தேன். அப்பால அவளே, "நீ போவ வேணாம். நீ ஆடு. நம்ம ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வெயிலுல இருக்கணும்"னா. அவ்ளோதான் சொன்னா, சொல்லிட்டு முடிச்சைப் போட்டுத் தட்டுனா. அந்தத் தட்டு இன்னும் கணுக்கால்ல கீது. நான் கோட்டோரமா போயி நிக்கிறதா? அவ மூக்குல பஞ்சு ஏத்திக்கினு என்னை வெயிலுக்கு அனுப்புனது கோட்டோரம் நிக்கவா?

கழட்டி எறிஞ்சிட்டா இன்னா? இப்பவே, ரெண்டையும் கழட்டி சீதாபதி சாரு குடைக்குள்ளாற போட்டுட்டு, கட்டோட, வெறுங்கட்டோட நேரா நடுவுக்கு நடந்து போனா? ஜனங்க எழுந்துடுவாங்க. பழைய ஆளுங்க கீறாங்க வேலியாண்ட, கள்ளிச் செடி கோலைப் பாத்தவங்க கீறாங்க, வேலியைத் தட்டிக்கினு கத்துவாங்க. ரெஃப்ரி வருவான். வெளிய போன்னுவான். போ மாட்டேன்னு நடுவுல குந்துவேன். போலீசைக் கூப்புடு. ஆஹா. அப்பால? அப்பால பத்து பேரு. பத்து பேரோட ஆடி, ரெண்டாவதும் வாங்கி, கீழ போயி, கலைச்சி, ரங்கன் ஒரு டிபார்ட்மென்டு, மஸ்தான் ஒரு டிபார்ட்மென்டு, நான் அந்தத் தூசிக்குள்ள கையைத் தூக்கிக்கினு. என் வீராப்புக்குப் பத்து பேரு வயித்துல அடிக்கிறதா? மாட்டேன். அதுவும் மாட்டேன், இதுவும் மாட்டேன்னா இன்னாதான் பண்ணப் போற கன்னியப்பா? தெரியாது. நிக்க மாட்டேன், அது மட்டும் தெரியும். "இன்னாடா தனியா மொணமொணங்கற? சாக்ஸைப் பிழிஞ்சிக்கோ, தண்ணி கோத்துக்கினு கீது பாரு"ன்றான் மஸ்தான், எங்க கோலு கீப்பரு, நல்ல பய, வாங்குன ஒரு கோலுக்கு மனசுக்குள்ள அழுதுக்கினு கீறான். "வேணாம்"னேன். எல்லாரும் பிழியறானுங்க. சேத்துல ஊறுன சாக்ஸைக் கழட்டி முறுக்கறானுங்க, பழுப்புத் தண்ணி ஒழுகுது. ரங்கன் ஒரு காலை நீட்டிக்கினு விரலை விரலைப் பிரிச்சிப் பாக்கறான். சவரிராயன் நின்னுக்கினே, மரத்துல ஒரு கையை வெச்சிக்கினு, பூட்ஸைக் கவுத்துத் தட்டுறான், ஒரு சின்னக் கல்லு வுழுது. அவன் காலு அந்தரத்துல கீது. ஈரத்துல வெளுத்துப்போன வெறும் பாதம். விரலு அஞ்சும் தெரியுது.

கட்டு எங்க? அவுந்து போச்சா? சேத்துல அவுந்து வுழுந்திருக்கும். பாவம் கவனிக்கல. சொல்லலாமா? ரங்கன் கால்லயும் இல்ல. மஸ்தான் கால்லயும் இல்ல. மஸ்தானை வுடு, கோலு கீப்பரு அவன் எப்பயுமே சோம்பேறி. பின்னால நிக்கிற பேக்கு, ரெண்டு பேரும், இல்ல. ஒருத்தன் கால்லயும் இல்ல. எல்லாருக்குமா சேத்துல அவுந்து போச்சு? எல்லாரும் வூட்டுலேந்து கட்டிக்கினு வரானுங்கன்னுதானே நான்… எவன் சொன்னான் கட்டிக்கினு வரானுங்கன்னு? யாரும் சொல்லல. நானா நெனைச்சிக்கினேன். கட்டாம எவன் ஆடுவான்? காதர் பாய் காகிதத்துல கோடு இழுத்தாரே, கூசுச்சே, கட்டை அவுத்துட்டு வாங்கன்னாரே. வெறுங்காலு. வெறுங்காலைத்தான் வரைஞ்சாரு. பென்சிலு என் விரலு நடுவுல போச்சு, தோலுல பட்டுச்சு. அந்தக் கோட்டுக்குள்ள எம்மாம் எடம் கீது? என் காலுக்கு எம்மாம் வேணுமோ அம்மாம். அதுக்கு மேல ஒரு சேலையை சுத்திக்கினு, சாக்ஸை மாட்டிக்கினு, இன்னும் கெட்டியா கட்டு பவுனு, இன்னும் கெட்டியான்னு… அடச்சீ. அடச்சீ. இருக்காது. எங்கயாச்சும் புடிச்சா இளக்கித் தரேன் தம்பின்னாரே. போட்டுப் பாக்க மாட்டேன்னேனே. இருக்காதுடா, இவ்ளோ சின்ன விசயத்துக்கு ஒரு சீசனே போவுமா? நகம் கறுத்துச்சே. நகம் வுழுந்துச்சே. ஒரு முழம் முன்னாடி போயிக்கினே இருந்துச்சே பந்து. இன்னிக்கு மழைத்தண்ணி ஊறி, துணி உப்பி, எலும்பையே நசுக்குது, அதனாலதான் இன்னிக்கு நொண்டுறேன், வயசாலயும் இல்ல, ஒரு மசுராலயும் இல்ல. வயசு இல்லடா! எனக்கு வயசாவல! யாராண்ட போயி சொல்லுவேன் இத்தை? துணிடா. பழைய மாம்பழக் கலர் துணி. அவ கையால கட்டுனது. அவ கட்டுனதா என் காலைத் தின்னுச்சு? இல்ல. அவளை இழுக்காத. இழு இழுன்னு சொன்னவன் நீ. பூட்ஸையும் திட்டாத. ஐயோ, அத்தையும் திட்ட முடியாதா இனிமே? அதுதான்டா தாங்கல. சீசன் பூரா எவனைத் திட்டிக்கினு இருந்தேனோ அவன் ஒரு தப்பும் பண்ணல.

நடுவுல அவுத்தா தோப்போம். ஆட்டம் முடியற வரைக்கும் அவுக்கக் கூடாது. பூட்ஸைக் கழட்டி, சாக்ஸை உருவிட்டேன், கை முடிச்சு மேல கீது. இன்னாத்துக்கு யோசிக்கிற? தோத்துக்கினுதானே கீறோம், இன்னும் இன்னா தோக்கறது. வெறுந்தோலோட பூட்ஸுக்குள்ள காலை வுடணும், துணி இல்லாம, நடுத்தெருவுல வேட்டி அவுந்தாப்புல கீது நெனைச்சாலே. அந்தச் செவத்த பயலோட ஆணி. அந்தச் சத்தம். ஆனா இப்ப ஆணி அவன் அடியில மட்டும் இல்ல, என் அடியிலயும் கீதுல்ல? ஏறி மிதிக்கட்டும், பாக்கலாம். முடிச்சு ஊறிப் போயி கல்லாட்டம் கீது. பல்லால கடிச்சி இழுத்தேன், சேறு வாயில போச்சு, ஆரஞ்சுப் புளிப்போட சேறு. வருது. சுத்திச் சுத்தி வருது, முடியவே மாட்டேங்குது, எம்மாம் நீளம், இதை வெச்சிக்கினா ஓடுனேன்? சுத்தி எல்லாரும் திரும்பிப் பாக்கறானுங்க. ரங்கன் வாயில வெச்ச சுளையோட அப்படியே கீறான். சவரிராயன் ஒரு பூட்ஸைக் கையில வெச்சிக்கினு வந்து எதுக்க நின்னான். "அடப்பாவி. இத்தைக் கட்டிக்கினா ஆடுன?" "ஆமா." "பூட்ஸுக்குள்ளயா? சீசன் பூராவுமா?" "ஆமான்றேன்ல. இப்ப இன்னான்ற?" சிரிக்கப் போறான்னு பாத்தேன், சிரிச்சிருந்தா மூஞ்சியைப் பேத்திருப்பேன். கீழ என் பாதத்தைப் பாத்தான், ஊதா நெறம், வரி வரியா அழுந்தின தடம், நகம் இல்லாத விரலு. அவன் கண்ணு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "கேட்டிருக்கலாம்ல கன்னியப்பா"ன்னான், மெதுவா. நான் எவனைடா கேப்பேன்? கேக்கறவனா நான்? சீதாபதி சாரு குடையோட ஓடி வந்து, இன்னாப்பா ரத்தமா, டாக்டரைக் கூப்பிடவான்றாரு. "ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல சார், அந்தாண்ட நில்லுங்க, வெளிச்சம் மறையுது."

அடுத்த கால் கட்டையும் அவுத்துட்டேன், காலு பூட்ஸுக்குள்ள போச்சு. திணிக்கல, இழுக்கல, தானா போச்சு. குதிகால்ல போயி உக்காந்துச்சு. விரலை ஆட்டிப் பாத்தேன், ஆடுது. தூத்தேறி, நல்லா கீது. அந்தக் கிழவன் காகிதத்துல போட்ட கோடு என் விரலைச் சுத்தி அப்டியே நிக்குது. இப்ப மரப்பு வுட்டு ரத்தம் பாயற வலி, அது வேற, ஆயிரம் எறும்பு கடிக்குது, கடிங்க, நல்லா கடிங்க, உசுரு கீதுன்னு தெரியட்டும். துணியைக் கீழ போடறதா? போட மாட்டேன். ஆட்டம் முடிஞ்சி அவதான் அவுக்கணும். ரெண்டு கால் துணியையும் ஒண்ணா முடி போட்டு, பனியனைத் தூக்கி, வயித்தைச் சுத்தி இறுக்கிக் கட்டுனேன், முடிச்சைப் போட்டு, நானே ஒரு தட்டு தட்டிக்கினேன். ஜில்லுன்னு கீது. எழுந்து நின்னேன். சவரி கையை லெஃப்ட் பக்கம் காட்டறான், அதைவுட்டா வேற தெரியாது அவனுக்கு, "வலி போவாதுடா, இன்னிக்கு மட்டும் அங்க நில்லு"ன்றான். "நீ போய் நில்லு"ன்னேன். நடந்தேன். சேத்துல பூட்ஸு புடிச்சி நிக்குது, வழுக்கல, மொத பாதியில நான் வழுக்குன எடத்துல இப்ப வழுக்கல, இத்தை எவன்கிட்டயும் ஒத்துக்க மாட்டேன், செத்தாலும் மாட்டேன். வேலியாண்ட ஒருத்தன் எழுந்து, "கன்னியப்பண்ணே, பீடி கீதா?"ன்றான். சிரிக்கிறானுங்க. "ஆட்டம் முடிஞ்சி வா, சுருட்டே தரேன்"னேன். அவங்க பேக்கு, மொத பாதி பூரா என்னை நொண்டி நொண்டின்னு கூப்பிட்டவன், நான் நடுவுல வந்து நிக்கிறதைப் பாத்துட்டு பக்கத்து ஆளாண்ட ஏதோ சொல்றான். பாரு, நல்லா பாத்துக்க. ரெண்டாவது பாதி மொத உதை நம்மளுது, சென்டர் ஃபார்வேர்டுதான் உதைக்கணும், பந்து இதோ காலுக்கு முன்னாடி, சுண்ணாம்புப் புள்ளி மேல, நனைஞ்சி கருத்து. சவரி இன்னும் கையைக் காட்டிக்கினு நின்னான், அப்பால கையை எறக்கிட்டான், எறக்கிட்டு அவனே லெஃப்ட் பக்கம் ஓடுறான். வயித்துல ஈரத்துணி புடிச்சிக்கினு கீது. ராத்திரி வூட்டுல காலை நீட்டுனா அவ பாப்பா, கால்ல கட்டுனது இடுப்புக்கு எப்டிய்யா வந்துச்சுன்னு கேப்பா. இவனுங்களுக்கு இல்ல, அவளுக்குச் சொல்லணும். ஜெயிச்சா சொல்றேன். இல்லடி, தோத்தாலும் சொல்றேன். ரெஃப்ரி மணியைப் பாத்துட்டான், பிகிலை வாயில வெக்கிறான். பந்து நின்னு என்னைப் பாக்குது. ஊதுடா.